ஆற்றங்கரையைக் கூடி நடந்து படம் வரைதல்

வீரமுனை, சம்மாந்துறை, மாவடிப்பள்ளி, காரைதீவு, நிந்தவூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்துள்ள வயல்நிலம் பட்டிப்பளை ஆற்றின் வண்டலாலும் நீராலும் வாழ்வது. சிங்களத்திற் கல்லோயா என வழங்கும் இந்த ஆறு பதுளைப் பகுதியின் கிழக்கு மலைச்சாரலிற் பிறந்து, ஏறக்குறைய 108 கிலோமீற்றர் தூரம் ஓடிக் கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகிறது. 1949 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளத்தை உண்டாக்கிய பின்னர் இப்பகுதியின் நீர்நிலை பெரிதும் மாறியது. ஏறக்குறைய 770,000 ஏக்கர்-அடி நீரைத் தேக்கவல்ல அக்குளத்திலிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் வழியாக நீர் வயல்களுக்கு வருகிறது. முன்னாளில் மாரிமழையை மட்டும் நம்பி விதைக்கப்பட்ட வயல்களிற் பலவற்றில் இன்று பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரண்டும் விளைகின்றன.

ஆயினும் அணை கட்டியதனால் ஆறு அடங்கிவிட்டது என எண்ணுதல் தவறு. அணைக்குக் கீழேயுள்ள நிலத்திற் பெய்யும் மழையை எந்தக் குளமும் தடுப்பதில்லை. 1957 ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தையும் 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தையும் இப்பகுதியினர் மறந்திலர். 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26 ஆம் நாள், மாவடிப்பள்ளியில் வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரப் பெட்டியொன்று கவிழ்ந்து, அதிற் சென்ற மத்ரசா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கி வீதி மாரிதோறும் நீரில் மூழ்குவதையும் யாவரும் அறிவர். நீர் எங்கே ஏறும், எவ்வழியாக வடியும், எத்தனை நாள் நிற்கும் என்னும் செய்தி ஊரில் ஒருவரிடமன்றேல் மற்றொருவரிடம் இருக்கவே செய்கிறது. அது எல்லார் கண்ணுக்கும் தெரியத்தக்கதாக ஓரிடத்திற் குறிக்கப்படாமையே குறை. இக்குறையை நீக்கும் எளிய முறையொன்று இங்கு விளக்கப்படுகிறது. ஊரார் கூடி ஆற்றங்கரையையும் வாய்க்கால்களையும் நடந்து பார்த்துத் தாமே படம் வரைந்துகொள்ளுதலே அம்முறை.

வட்டைவிதானையின் நினைவிலிருந்த படம்

பழைய காலத்தில் ஒவ்வொரு வயல்வட்டைக்கும் ஒரு வட்டைவிதானை இருந்தார். எந்த மதகு எந்த நாளில் திறக்கப்படும், எவ்வரம்பு யாருடைய பொறுப்பு, மாட்டுப்பட்டி எவ்வழியாகச் செல்லும் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டத்தின்பின் அப்பதவியின் அதிகாரம் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு மாறியது. அதன்பின்னரும் சட்டங்கள் பலமுறை மாறின. இன்று கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்று இயங்குகின்றன. வட்டைவிதானை என்னும் பெயர் மக்கள் வாயில் இன்னும் வழங்குகிறது. ஆனால் முன்னிருந்தோரின் நினைவில் இருந்த படம் முழுவதும் பின்வந்தோருக்குக் கைமாறவில்லை.

இதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் வன்செயலின்போது வீரமுனை மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர நேர்ந்தது. 2004 ஆம் ஆண்டின் கடற்கோள் கரையோர ஊர்களில் மூத்தோர் பலரைக் கொண்டுசென்றது. பராமரிப்பார் இல்லாத காலத்தில் வாய்க்கால் தூர்ந்து, கரை மேடாகி, பழைய வடிகான் ஒன்று இருந்த சுவடே மறைந்துவிடக்கூடும். அவ்வாறு மறைந்த வடிகானின்மீது பின்னர் மதில் எழும்பினால், அடுத்த மாரியில் மேலேயுள்ள வயல்கள் நீர் வடியாமல் அழுகுகின்றன. யாரும் யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்ததன்று. அங்கு ஒரு வடிகான் இருந்தது என்பதை அறிந்தவர் அருகில் இல்லை, அவ்வளவே.

அச்சிட்ட படம் போதாதோ?

நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பழைமையான திணைக்களமாகும். அது வெளியிடும் நாட்டுப்படங்கள் மிகத் திருத்தமானவை. ஆனால் ஒவ்வொரு படமும் ஒரு தேவைக்காக வரையப்படுகிறது. 1:50,000 என்னும் அளவுத்திட்டத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் அரைக் கிலோமீற்றர் ஆகும். 2 மீற்றர் அகலமான வயல்வாய்க்காலை அந்த அளவிற் காட்ட முயன்றால் அதன் கோடு ஒரு மில்லிமீற்றரில் இருபத்தைந்தில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அத்தகைய கோட்டைக் கண்ணாற் காண முடியாது. உடைந்த மதகு, நண்டு துளைத்த கரை, உவரேறிய மூலை, மாரியில் முதலில் நீரேறும் தாழ்வு என்பன எந்த அச்சுப்படத்திலும் இல்லை. கமக்காரருக்கு வேண்டியவையோ இவையே.

இடதுகரையில் நிகழ்ந்தது

கூடி நடத்தலாற் பயன் உண்டோ என ஐயுறுவோர் வெளிநாட்டிற் சான்று தேட வேண்டியதில்லை. இந்த ஆற்றின் இடதுகரையிலேயே அதற்குச் சான்று உண்டு.

1970 களின் முடிவில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் மிகவும் பழுதடைந்திருந்தன. தலைப்பகுதியிலுள்ளோர் அஞ்சியஞ்சி அளவுக்கு மிஞ்சி நீரெடுத்தனர். கடைப்பகுதிக்கு நீர் சேரவில்லை. தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களக் கமக்காரரும் கடைப்பகுதியில் தமிழ்பேசும் கமக்காரரும் இருந்தமையால், நீர்ப்பிணக்கு இனப்பிணக்காக மாறும் நிலையும் இருந்தது. அக்காலத்தில் வாய்க்கால்களைத் திருத்தும் திட்டம் தொடங்கிற்று. நீர்ப்பாசனத் திணைக்களத்துடன், கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அதிற் பங்குகொண்டன. 1981 ஆம் ஆண்டில் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக வயற்கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் கூட்டம் கூட்டிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. கமக்காரரின் வீடுகளுக்குச் சென்று பழகி, வயல்வாய்க்கால்களை அவர்களுடன் பார்வையிட்டு, எங்கே என்ன குறை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோர் ஒரு சிறு குழுவாகி, வாக்கெடுப்பின்றி எல்லாரும் இசைந்த ஒருவரைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தனர். தூர்ந்த வாய்க்கால்கள் சிரமதானத்தால் வெட்டப்பட்டன. முறைவைத்து நீர் பாய்ச்சுதல் தொடங்கிற்று. தமக்கு மிஞ்சிய நீரைத் தலைப்பகுதியார் கீழே விட்டனர்.

இரண்டு ஆண்டுகளுக்குள் நீரின் பயன்பாட்டுத் திறன் இருமடங்காயிற்று என அத்திட்டத்தை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அதனினும் பெரிய சோதனை 1997 ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் வந்தது. குளத்திலுள்ள நீர் பயிர்ச்செய்கைக்குப் போதாது என நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்கிட்டது. கமக்காரர் அமைப்புகள் அனுமதி கேட்டுப் பெற்று, நீரைத் தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் சமமாகப் பங்கிட்டு, 65,000 ஏக்கரில் வழமையினும் மேலான விளைவைப் பெற்றன. நாட்டின் பிற இடங்களில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிங்களக் கமக்காரரும் தமிழ்பேசும் கமக்காரரும் ஒரே வாய்க்காலின் நீரைப் பிணக்கின்றிப் பகிர்ந்தனர்.

அந்த ஆண்டிற் புதிய அணையோ புதிய வாய்க்காலோ கட்டப்படவில்லை. நீர் எவ்வழியாக வருகிறது, எங்கே இழக்கப்படுகிறது, எவர் வயலுக்கு எப்போது தேவை என்பதை வாய்க்காலின் இரு முனையில் உள்ளோரும் அறிந்திருந்தமையும், சொன்ன சொல்லைக் காத்தமையுமே வேறுபாட்டைச் செய்தன.

யார் நடத்தல் வேண்டும்

படம் வரைதல் கமக்காரர் அமைப்பின் நிருவாகிகள் மட்டும் செய்யும் காரியமன்று. ஒவ்வொருவரும் ஆற்றின் ஒரு பக்கத்தையே அறிவர். தலைவாய்க்காற் கமக்காரர், கடைவாய்க்காற் கமக்காரர் ஆகிய இருவரும் அவசியம் வருதல் வேண்டும். இவர்களில் ஒருவர் வராதுவிடின் படம் ஒருதலையாகும். மாடு மேய்ப்போர் கோடையில் எந்த மடுவில் நீர் நிற்கும் என்பதை அறிவர். தோணியிற் சென்று வலைவீசுவோர் ஆற்றின் ஆழத்தையும், ஆற்றுவாழை எங்கே திரண்டு அடைக்கும் என்பதையும் அறிவர். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கும் என்பதை வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்களைக் கேட்டே அறிதல் வேண்டும். ஆண்கள் பெரும்பாலும் அதனைக் கவனித்திருப்பதில்லை. எழுதவும் கணக்கிடவும் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சிலரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீரமுனையின் வயலும் சம்மாந்துறையின் வயலும் வரம்போடு வரம்பு தொட்டுக் கிடப்பவை. ஆகையால் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழுவாக நடத்தல் வேண்டும்; தனித்தனியே வரைந்த இரு படங்களைப் பின்னர் ஒட்டுவது எளிதன்று. வெள்ளிக்கிழமை, நோன்புக்காலம், கோயில் திருவிழா நாட்கள் ஆகியவற்றை ஒழித்து நாள் குறித்தல் முறையாகும். எட்டுப் பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மிகாமலும் ஒரு குழு இருந்தாற் போதும். அதற்கு மேற்பட்டால் பின்னால் வருவோர் வேறு கதை பேசத் தொடங்குவர்.

எப்போது, எவ்வழியாக

ஒருமுறை நடந்தாற் போதாது. பெரும்போக விதைப்புக்கு முன், புரட்டாதி மாதத்தில், வாய்க்கால்கள் வற்றியிருக்கும்போது நடந்தால் கரையின் உடைவும் மதகின் பழுதும் தெரியும். மார்கழி, தை மாதங்களில் வெள்ளம் இறங்கத் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் நடந்தால், நீர் ஏறிய எல்லை மரங்களிலும் சுவர்களிலும் சேற்றுக்கோடாகத் தெரியும். அக்கோடு ஒரு மழையில் அழிந்துவிடுமாதலால் உடனே குறித்தல் வேண்டும். மூன்றாம் நடை சிறுபோகத்தின் நடுவில், நீர் முறைவைத்து விடப்படும் நாளில் அமைதல் நன்று.

நீர் கொண்டுவரும் வாய்க்காலைக் கடைமுனையிலிருந்து தலைமுனையை நோக்கி நடத்தல் வேண்டும். பலர் மதகிலிருந்து தொடங்குவர். அங்கே நீர் நிறைய ஓடுவதைக் கண்டு குறையொன்றுமில்லை எனத் திருப்தியடைவர். கடையிலிருந்து தொடங்கினால், வராத நீரைத் தேடிக்கொண்டு நடப்பதாகும். ஒவ்வொரு கசிவும் களவும் கண்ணிற் படும். வடிகானை இதற்கு மாறாக, வயலிலிருந்து ஆறுவரை நீரோடும் திசையிலேயே நடத்தல் வேண்டும்.

ஆற்றில் இறங்குதல் கூடாது. மாவடிப்பள்ளி, கிட்டங்கிப் பகுதிகளில் முதலை உண்டு. அறுவடைக்காலத்தில் யானைகளும் ஆற்றோரப் புல்லுக்கு வருகின்றன. அவை வரும் வழியையும் படத்திற் குறித்தல் வேண்டும். வெள்ளநீரிலும் சேற்றிலும் காலில் புண்ணுடன் நடப்போருக்கு எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். ஆகையால் மாரிநடைக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுதல் நன்று.

அளத்தலும் வரைதலும்

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு நீண்ட கயிறு, ஒரு மணிக்கூடு, கோடிட்ட கொப்பி, பென்சில், ஒரு நீர்மட்டக் குழாய் என்பன போதும்.

முதலிற் கயிற்றால் 100 மீற்றர் அளந்து, குழுவில் ஒருவர் தம் இயல்பான நடையில் அதனை மூன்றுமுறை நடந்து காலடிகளை எண்ணுதல் வேண்டும். அவருக்கு 100 மீற்றருக்கு 140 அடி ஆகிறது எனக் கொள்வோம். அவர் ஒரு வயல்வாய்க்காலை 560 அடியில் நடந்து முடித்தால் அதன் நீளம் 400 மீற்றர். ஒரு சென்ரிமீற்றருக்கு 20 மீற்றர் என்னும் அளவில் அது தாளில் 20 சென்ரிமீற்றர் கோடாகும். நடப்பவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். ஆளுக்காள் காலடி வேறுபடும்.

முதற் படத்தைத் தாளில் வரையாது, கோயில் முற்றத்திலோ பள்ளிவாசல் வெளியிலோ பாடசாலை நிலத்திலோ கோலப்பொடியாலும் சாம்பலாலும் பெரிதாக வரைதல் மிக நன்று. தாளில் வரைந்தால் எழுதத் தெரிந்தவர் கையிற் பென்சில் இருக்கும். மற்றவர் வாய்மூடி நிற்பர். நிலத்தில் வரைந்தால் எவரும் குனிந்து ஒரு கோட்டை அழித்து வேறிடத்தில் இழுக்கலாம். "அந்த வாய்க்கால் அங்கே திரும்பாது, மருதமரத்தடியில் திரும்பும்" என ஒரு முதியவர் சொல்வதற்கு அது இடந்தருகிறது. எல்லாரும் இசைந்தபின் அதனைத் தாளிற் பெயர்த்தெழுதலாம்.

இடங்களின் பெயர்களைத் தவறாது எழுதுதல் வேண்டும். மடு, முனை, ஓடை, வில்லு, தோணா, திடல் என முடியும் ஊர்வழக்குப் பெயர்கள் வெறும் அடையாளமல்ல. மடு என்ற பெயருள்ள இடம் இன்று மேடாகத் தோன்றினும், ஒருகாலத்தில் நீர் நின்ற இடமே. பெருவெள்ளத்தில் நீர் மீண்டும் அங்கே வருவதைக் காணலாம். ஓடை என்ற பெயருள்ள இடத்தில் வீடு கட்டுவோர் அப்பெயரின் காரணத்தை விசாரித்தல் நன்று.

நீரின் அளவை அறிதல்

வாய்க்காலில் ஓடும் நீரை அளத்தல் கடினமன்று. நேராக ஓடும் 10 மீற்றர் நீளத்தைத் தெரிந்து, இரு முனைகளிலும் தடி நட்டு, ஒரு காய்ந்த தேங்காய்ப் பொச்சுத் துண்டையோ சிறு தோடங்காயையோ நடுநீரில் இட்டு, அது கடக்கும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். 25 செக்கனிற் கடந்தால் மேல்நீரின் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றர். அடிநீர் மெதுவாக ஓடுமாதலால் இதனை 0.8 ஆற் பெருக்கினால் 0.32 ஆகும். வாய்க்காலின் சராசரி அகலம் 0.8 மீற்றர், ஆழம் 0.25 மீற்றர் ஆயின் குறுக்குப் பரப்பு 0.2 சதுர மீற்றர். இரண்டையும் பெருக்கச் செக்கனுக்கு 0.064 கனமீற்றர், அதாவது 64 லீற்றர் கிடைக்கும். இது ஏறக்குறைய இரண்டேகால் கனஅடி. செக்கனுக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு மணிநேரம் ஓடும் நீர் ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும் என்னும் பழைய கணக்கைப் பல கமக்காரர் அறிவர். அக்கணக்கின்படி இவ்வளவு நீர் ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் கட்ட 27 நிமிடம் போதும். 30 ஏக்கர் வாய்க்காலுக்கு ஏறக்குறைய பதின்மூன்றரை மணிநேரம்.

இதே வாய்க்காலைப் பாதிவழியில் மீண்டும் அளந்தபோது 40 லீற்றரே இருந்தது எனக் கொள்வோம். இடையில் எவரும் நீரெடுக்கவில்லையாயின் 24 லீற்றர் கரையாற் போயிற்று என்பது தெளிவு. இந்த 40 லீற்றரைக் கொண்டு 30 ஏக்கருக்கும் ஓர் அங்குலம் கட்ட இருபத்தொரு மணிநேரத்துக்கு மேலாகும். முறை ஒருநாள் மட்டுமே எனின், கடைசிக் கமக்காரரின் வயலுக்கு நடுச்சாமத்தில் நீர் வரும், அல்லது வரவே வராது. அவர் தலைவாய்க்காலாரைக் குறைகூறுகிறார்; உண்மையிற் குற்றவாளி ஒரு நண்டுவளையாக இருக்கலாம். இரு தரப்பும் ஒன்றாக நின்று அளந்த எண் இந்த இடத்திற் பெரிதும் உதவுகிறது. இருவர் தனித்தனியே அளந்த இரு எண்களாற் சண்டையே வளரும்.

மண்ணும் மேடும் உவரும்

வெள்ளம் கரையைக் கடக்கும்போது பருமனான மணல் கரையோரத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய களி தூரச் சென்று தாழ்வான இடத்திற் படியும். இதனால் ஆற்றங்கரை அயலிலும் சற்று உயர்ந்த மணல்கலந்த இருவாட்டியாகவும், அதற்கப்பாலுள்ள நிலம் தாழ்ந்த களியாகவும் அமைகிறது. முன்னது கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய், பூசணி என்பனவற்றுக்கு உகந்தது. பின்னது நெல்லுக்கே உரியது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தல் வேண்டும். திரியாகத் திரண்டு, வளைத்தால் உடையாமல் வளையமானால் அது களி. திரளாமல் உதிர்ந்தால் மணல். திரண்டு, வளைக்கும்போது உடைந்தால் இருவாட்டி. இவற்றை மூன்று நிறங்களாற் படத்தில் தீட்டினால், எங்கே மரக்கறி செய்யலாம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

கடற்பக்கத்து வயல்களிற் கோடையில் உவர் ஏறுவதுண்டு. வெண்மையான பொருக்கு, நாற்றின் நுனி கருகுதல், இடையிடையே பயிர் அழிந்து திட்டாகத் தெரிதல் என்பன அதன் குறிகள். ஐயமான இடங்களின் மண்ணைப் போதனாசிரியரிடம் கொடுத்து மின்கடத்துதிறனைச் சோதிப்பிக்கலாம். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன் கடந்தால் நெல்லின் விளைவு குறையத் தொடங்கும். தக்காளிக்கு அந்த எல்லை 2.5, மிளகாய்க்கு 1.5; வெங்காயத்துக்கு 1.2 மட்டுமே. நெல் விளைகிறது என்பதனால் மிளகாயும் விளையும் என எண்ணி நட்டு நட்டமடைந்தோர் உண்டு.

மேடுபள்ளம் காண்பதற்கு மேசன்மார் பயன்படுத்தும் நீர்நிறைந்த தெளிந்த குழாயே போதும். சுவரிலுள்ள சேற்றுக்கோட்டின் மட்டத்தை அக்குழாயால் வீதிக்கும் வரம்புக்கும் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுசென்று அடையாளமிட்டால், முன்னைய வெள்ளத்தில் எது எவ்வளவு மூழ்கியது என்பதை அறியலாம். வீதியை நீர் கடக்கும் இடங்களைச் சிவப்பால் தடிப்பாக வரைதல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளும் மத்ரசா மாணவர்களும் சந்தைக்குச் செல்வோரும் எவ்வழியாகப் போகின்றனர் என்பதையும் அருகே குறித்து, சிவப்பிடத்தைத் தவிர்க்கும் மாற்றுவழி உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். மாற்றுவழி இல்லையாயின், நீர் எந்த அடையாளத்தைத் தொட்டதும் எவரும் கடத்தலாகாது என்பதை ஊரே தீர்மானித்து, அங்கே ஒரு தூணில் வர்ணம் பூசிவைக்கலாம். ஓடும் நீர் முழங்காலளவு இருப்பினும் மனிதரைத் தள்ளிவிடும். உழவு இயந்திரத்தின் உயரத்தை நம்புதல் பெரும் ஆபத்து.

கைத்தொலைபேசியும் பிற இடத்து அனுபவமும்

இக்காலத்திற் கைத்தொலைபேசியிலே வான்படமும் இடங்காட்டியும் உண்டு. வான்படத்தை அச்சிட்டு அதன்மேல் வரைதல் வேலையைக் குறைக்கும். ஆயினும் திறந்த வெளியிற்கூட அக்கருவி சில மீற்றர் பிழைபடும். வரம்பின் அகலமோ ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் மதகு, பாலம், கிணறு என்பனவற்றின் இடத்தைக் குறிக்க அதனைப் பயன்படுத்தலாம். எல்லை காண்பதற்குப் பயன்படுத்தலாகாது.

கேரள மாநிலத்தின் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி ஊராட்சியில் 1990 களின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் தொண்டர்களும் புவியியல் ஆய்வாளரும் ஊராருடன் சேர்ந்து, நிலவரித் துண்டுப்படங்களை அடிப்படையாகக் கொண்டு மண், நீர், பயிர், கட்டடம் யாவற்றையும் குறித்தனர். 1996 ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஊராட்சிகளுக்குத் திட்டமிடும் பொறுப்பை அளித்தபோது அவ்வனுபவம் பயன்பட்டது. அங்கே விஞ்ஞானிகள் முதலிலேயே நிலவரிப் படத்தை ஊரார் கையிற் கொடுத்தமை கவனிக்கத்தக்கது. இங்கும் கிராமசேவையாளர், கமநல சேவை நிலையம் ஆகியோரிடம் உள்ள காணிப்படங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை

ஊரார் வரைந்த படம் உறுதிப்பத்திரமன்று. அதில் எவருடைய காணி எத்தனை பேர்ச் என எழுதுதல் கூடாது. எழுதினால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வாரார். எல்லைப் பிணக்கு எழும் இடத்தை வெறுமையாக விட்டு மேலே நடத்தல் வேண்டும். ஆற்று ஒதுக்கிலோ வடிகானிலோ கட்டடம் காணப்படின், அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்து, உரியவரையும் அழைத்து நீர் செல்லும் வழியைப் பேசுதலே முதற்படி. நெற்காணியை மண்ணிட்டு நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது சட்டம். அதனைப் பலர் அறியாமலே நிரப்புகின்றனர். நிரப்பியபின் அறிவிப்பதிலும் நிரப்புமுன் அறிவிப்பது யாவருக்கும் இலேசு.

முடிந்த படத்துக்கு நான்கு பிரதி எடுத்து, ஒன்றைக் கமக்காரர் அமைப்பிலும், ஒன்றைக் கமநல சேவை நிலையத்திலும், ஒன்றை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்திலும், ஒன்றைப் பிரதேச செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பொறுப்பானவரிடமும் கொடுத்தல் வேண்டும். போகந்தோறும் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு இப்படத்தைக் கொண்டுசென்று சுவரில் மாட்டினால், வாய்க்காற் திருத்தத்துக்கான கோரிக்கையை இடஞ்சுட்டிக் கேட்கலாம். படத்தின் மூலையில் நடந்த நாளையும் நடந்தோரின் பெயரையும் எழுதி, அடுத்த தைமாத நடையிற் கண்ட மாற்றங்களை வேறு நிற மையாற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். வெள்ளக்கோட்டை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக, ஆண்டின் எண்ணுடன் வரைதல் வேண்டும். பழைய கோட்டை அழித்தலாகாது.